சக்கரக் கதிரையும் "எழும்பி நடப்பீங்கள்" கதையும்: வன்னியில் நெடுநாள் பாவனை

முள்ளந்தண்டு அடிபட்டு வருடங்கள் போனவரின் கால் திடீரென வெட்டி இழுத்தால், பக்கத்தில் இருக்கும் பெரியம்மா சொல்வது இதுதான்: "பாத்தியே தம்பி, நரம்பு வேலை செய்யுது. மனம் விடாத, எழும்பி நடப்பாய்." அது நரம்பு திரும்புவதல்ல. அடிபட்ட இடத்துக்குக் கீழே முள்ளந்தண்டு வடம் மூளையின் சொல் கேளாமல் தன்பாட்டில் கொடுக்கும் இழுப்பு. வழமையை விடக் கூடினால் வேறு காரணம் தேட வேண்டும்: சலத்தில் கிருமி, நிரம்பிய சலப்பை, மலச்சிக்கல், எங்கோ தொடங்கிய புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம். திரும்பக்கூடிய அசைவு பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குள் தலைகாட்டிவிடும். 2009 இல் காயப்பட்டவருக்கு இன்றைக்கும் "அடுத்த தைப்பொங்கலுக்குள்ள" என்று நாள் குறிப்பது ஆறுதல் இல்லை.

வாயோடு நிற்கும் நம்பிக்கையைச் சிரித்துக் கடக்கலாம். கைவைக்கும் நம்பிக்கைதான் ஆபத்து. நொச்சி இலை ஒத்தடம் சூட்டோடு வைத்தால், உணர்வில்லாத தோல் வெந்து கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். எண்ணெய் பூசிக் காலை இழுத்து மடக்குவதும் அப்படியே. வருடக்கணக்காகப் பாரம் தாங்காத தொடை எலும்பு மெலிந்து போயிருக்கும். பலமாக மடக்கினால் முறியும். நோ தெரியாததால் வீக்கத்தையும் சூட்டையும் வைத்துத்தான் முறிவைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இப்படிப் போகும் காசும் நேரமும் முதலில் போக வேண்டிய இடம் கதிரையில் போட்டு இருக்கும் மெத்தை. கதிரையை விட மெத்தை முக்கியம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். அன்பளிப்பாக வரும் கதிரைகளில் இருக்கும் மெல்லிய ஸ்பொஞ்ச் சில மாதத்தில் அமர்ந்து தட்டையாகிவிடும். காற்று மெத்தை நல்லது, ஆனால் அளவு பார்த்து ஊத வேண்டும். ஆள் இருக்கும்போது குண்டி எலும்புக்கும் மெத்தையின் அடிக்கும் இடையில் கையை விட்டால் ஒரு விரல் தடிப்பளவு இடைவெளி இருக்க வேண்டும். இறுக ஊதினாலும் புண், காற்றுக் குறைந்தாலும் புண். லொறி ரியூப்பை வளையமாக ஊதிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது சுற்றிவர நெரித்து நடுவில் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வேண்டாம்.

எந்த மெத்தையானாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சு தொடையில் படக் குனிந்து 2 நிமிடம் இருக்க வேண்டும். கையூன்றி உடம்பைத் தூக்குவதைப் பார்ப்பவர்கள் "என்ன பலம்!" என்பார்கள். அரை நிமிடத்தில் கை களைத்துவிடும், அதற்குள் இரத்தம் திரும்பாது, தோள்மூட்டும் தேயும். காலையும் இரவும் கண்ணாடி பிடித்துப் பின்பக்கத்தைப் பார்ப்பது கட்டாயம். எங்கள் தோலில் சிவப்பு எடுபடாது. கருமை, சூடு, இறுக்கம் என்று பக்கத்துத் தோலை விட வித்தியாசமாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அரை மணித்தியாலம் படுத்தும் அது மாறாவிட்டால், மாறும் வரை அந்த இடத்தில் பாரம் கூடாது.

இனிக் கதிரை. ஆஸ்பத்திரி விறாந்தைக்குச் செய்த மடிப்புக் கதிரை ஏ9 வீதியில் ஓடும். உள்ளே இறங்கும் கிறவல் ஒழுங்கையில் முன்சில்லு புதைந்து ஆளை முன்னே கொட்டும். தள்ளுபவர் பின்பக்கமாக இழுத்துப் போவதே பாதுகாப்பு. ஒற்றை முன்சில்லு நீண்டு நிற்கும் மூன்று சில்லுக் கதிரை மணலுக்கும் மாரிச் சேற்றுக்கும் மேல், ஆனால் சின்னக் கக்கூசுக்குள் திரும்பாது. பின்சில்லு 24 அங்குலம் என்றாலும் சைக்கிள் கடையில் கிடைக்கும் 24 ரயர் எல்லாம் ஏறாது. ரயர்ப் பக்கத்தில் 540 என்றிருக்கிறதா 507 என்றிருக்கிறதா (ரிம் அளவு, மில்லிமீற்றரில்) என்று பார்த்து, கதிரையின் ரிம்முக்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும். பிரேக் ரயரில் அழுத்திப் பிடிப்பது. உடைமுள் குத்திக் காற்று இறங்கியிருந்தால் பிரேக்கும் பிடிக்காது. கட்டிலுக்கு மாறும்போது கதிரை வழுகிப் பலர் விழுவது இதனால்தான்.

"வற்றாப்பளை அம்மாளுக்கு நேத்தி வைச்சிட்டன், பொங்கலுக்கு வாங்கோ" என்றால் போகலாம், கூட்டமும் சந்தோசம்தான். வான் சீற்றிலும் அதே மெத்தை கீழே இருக்க வேண்டும். வழியில் சலம் எடுக்க வசதியில்லை என்று தண்ணீரைக் குறைக்கக்கூடாது. 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கதீற்றர் (சலம் எடுக்கும் குழாய்) போடுபவர் அந்த நேரத்துக்கு நிறுத்தச் சொல்லிவிட்டே ஏற வேண்டும். நடுநெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டு அடிபட்டவருக்குச் சலப்பை முட்டினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தலையிடியும் முகத்தில் வியர்வையும் வந்தால் அருள் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்காமல், நிமிர்த்தி இருத்திச் சலத்தை எடுக்க வேண்டும். அப்படியும் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு.

"நாங்கள் என்ன செய்ய?" என்று உண்மையாகவே கேட்பவரிடம் வேலை ஒன்றைக் கொடுங்கள்: வாசல் படியில் கதிரை ஏறச் சரிவு கட்டுவது. படி 15 சென்ரிமீற்றர் என்றால் சரிவு 1.8 மீற்றர் நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு. சீமெந்தை மினுக்காமல் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே கீறிவிட வேண்டும். மழைக்குச் சில்லு வழுகாது. இரண்டு பக்கமும் 5 சென்ரிமீற்றர் கட்டு, மேலே கதவடியில் கதிரை திரும்ப 1.5 மீற்றர் சமதரை. ஒரு மேசனுக்கு ஒரு நாள் வேலை.