உள்ளே இருக்கும் டெம்ப்ளேட்டுக்கு எது தெரிய வேண்டும்? ஜின்ஜா, ட்விக், லிக்விட், பிளேடு, கோ: ஓர் ஒப்பீடு

வலைப்பக்கத்தின் வடிவத்தை எழுதிவைத்து, பிறகு தரவை நிரப்பிக்கொள்ளும் கோப்புதான் டெம்ப்ளேட். தலைப்பில் உள்ளவை அதை எழுதும் மொழிகள். ஒரு பக்கம், அதில் ஒரு கார்டு, கார்டுக்குள் ஒரு பட்டன், மூன்றும் தனித்தனி டெம்ப்ளேட்டுகள். பக்கத்தில் 'டைட்டில்' என்றொரு மாறி, அதாவது ஒரு மதிப்புக்கு வைத்த பெயர், இருக்கிறது. யாரும் அனுப்பாமலேயே அது பட்டனுக்குத் தெரியுமா? மொழிக்கு மொழி பதில் மாறுகிறது.

ஜின்ஜா, ஜாங்கோ, ட்விக் மூன்றிலும் 'இன்குளூட்' செய்த, அதாவது இன்னொன்றுக்குள் சேர்த்துக்கொண்ட டெம்ப்ளேட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் தெரியும். தொடக்கத்தில் இது பெரிய வசதி. சிக்கல் பிறகுதான் வரும். பட்டனில் 'டைட்டில் வராவிட்டால் இதைக் காட்டு' என்று மாற்று மதிப்பு வைத்திருப்போம். பக்கத்திலும் அதே பெயரில் மாறி இருந்தால் மாற்று மதிப்புக்கு வேலையே இருக்காது, பட்டனில் பக்கத்தின் தலைப்பு வந்து நிற்கும். பக்கத்தில் அந்தப் பெயரை மாற்றினாலோ, அதை நம்பியிருந்த உள் டெம்ப்ளேட் சத்தமில்லாமல் வெறுமையைக் காட்டும். இயல்பான அமைப்பில் மூன்று மொழிகளுமே இல்லாத மாறியைப் பிழையாகச் சொல்வதில்லை.

ட்விக்கிலும் ஜாங்கோவிலும் இதற்கு மருந்து இருக்கிறது: 'வித்' போட்டு மதிப்புகளை அனுப்பி, கடைசியில் 'ஒன்லி' சேர்த்தால் வெளி மாறிகள் உள்ளே வராது. ஜின்ஜாவில் 'ஒன்லி' கிடையாது. 'வித்அவுட் கான்டெக்ஸ்ட்' போட்டால் மொத்தமாகத் துண்டித்துவிடும். அங்கே சரியான வழி மேக்ரோதான், அதாவது பெயர் வைத்துத் திரும்பத் திரும்ப அழைக்கக்கூடிய டெம்ப்ளேட் துண்டு. இம்போர்ட் செய்த மேக்ரோ, நாம் அழைக்கும்போது கொடுக்கும் மதிப்புகளோடு (ஆர்க்யுமென்ட்டுகளோடு) வேலை செய்யும், பக்கத்தின் மாறிகளைத் தேடிப் போகாது.

லிக்விட் இதையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்ட மொழி. அதன் பழைய 'இன்குளூட்' வெளி மாறிகளைப் படிப்பதோடு நிற்காமல் மாற்றவும் செய்யும். லிக்விட்டை உருவாக்கிய இணையக்கடைத் தளமான ஷாப்பிஃபை அதைக் கைவிடச் சொல்லி 'ரெண்டர்' கொண்டுவந்தது. 'ரெண்டர்' செய்த ஸ்னிப்பெட்டுக்கு (உள் டெம்ப்ளேட்டுக்கு) நாம் அனுப்பியதும் தளத்தின் பொதுவான ஆப்ஜெக்ட்டுகளும் மட்டுமே தெரியும், உள்ளே உருவாக்கிய மாறியும் வெளியே வராது. இந்த ஏற்பாடுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மூன்று அடுக்குக்குக் கீழே ஒரு மதிப்பு போக வேண்டுமென்றால் இடையில் எல்லோரும் அதை வாங்கிக் கைமாற்ற வேண்டும், அது அலுப்புதான். ஆனாலும் எந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

அந்த அலுப்புக்கு, லாராவெலின் டெம்ப்ளேட் மொழியான பிளேடு ஒரு நடுவழி வைத்திருக்கிறது. காம்பொனென்ட்டுகள், அதாவது கார்டு, பட்டன் போன்ற தனித் துண்டுகள், தனித்தே இயங்கும், வேண்டிய இடத்தில் மட்டும் 'அவேர்' எழுதி மேலே உள்ள காம்பொனென்ட்டின் மதிப்பைக் கேட்டு வாங்கலாம். ஆனால் மேலே ஆட்ரிபியூட்டாக வெளிப்படையாக அனுப்பிய மதிப்பு மட்டுமே கிடைக்கும், காம்பொனென்ட் வாங்கும் மதிப்புகளை அறிவிக்கும் 'ப்ராப்ஸ்'சில் எழுதிய மாற்று மதிப்பு கிடைக்காது.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் தனிக்கதை. வெளியே பூஜ்யமாக வைத்த ஓர் எண்ணை லூப்புக்குள் கூட்டிக்கொண்டே போங்கள். ட்விக்கிலும் லிக்விட்டிலும் லூப் முடிந்த பிறகு கூட்டுத்தொகை இருக்கும். ஜின்ஜாவில் பூஜ்யமே இருக்கும், ஏனென்றால் உள்ளே 'செட்' செய்தது அந்தச் சுற்றோடு போய்விடும். 2.10 பதிப்பில் வந்த, லூப் முடிந்தும் மதிப்பைத் தக்கவைக்கும் 'நேம்ஸ்பேஸ்' இதற்காகத்தான்.

கோ மொழியின் டெம்ப்ளேட்டுகளில் இன்னொரு போக்கு. உள் டெம்ப்ளேட்டுக்கு ஒரே ஒரு மதிப்புதான் அனுப்பலாம். இரண்டு வேண்டுமென்றால் சேர்த்துக் கட்டி அனுப்ப வேண்டும். கோ டெம்ப்ளேட்டுகளைப் பயன்படுத்தும் தள உருவாக்கியான ஹியூகோவில் அதற்கு 'டிக்ட்' உண்டு, கோவின் அடிப்படை நூலகத்தில் இல்லை. அப்புறம், டாலர் குறி பக்கத்தின் மூலத் தரவைக் குறிக்கும் என்று நம்பி உள் டெம்ப்ளேட்டில் எழுதிவிடாதீர்கள். அங்கே அது, அந்த டெம்ப்ளேட்டுக்கு அனுப்பப்பட்ட மதிப்பையே குறிக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே தனித்து இயங்கும் காம்பொனென்ட்டுகளை எழுதுங்கள். ஏற்கெனவே ட்விக்கில் பெரிய தளம் இருந்தால், சோதனைச் சூழலில், இல்லாத மாறியைப் பிழையாகச் சொல்லும் 'ஸ்ட்ரிக்ட் வேரியபிள்ஸ்' அமைப்பை இயக்கிவிட்டு, ஆக உள்ளே இருக்கும் சின்ன டெம்ப்ளேட்டுகளிலிருந்து 'ஒன்லி' சேர்த்துக்கொண்டே மேலே வாருங்கள். எந்த டெம்ப்ளேட் எதை ஒளிவாக நம்பியிருந்தது என்பதைப் பிழைச் செய்திகளே ஒவ்வொன்றாகக் காட்டும்.