டாஹோ, எக்ஸ்பெடிஷன், செக்கோயா: 70,000 டாலருக்கு எதை வாங்குகிறோம்?

டிரக் என்றதும் நமக்குச் சரக்கு லாரி நினைவுக்கு வரும். அமெரிக்கர்களுக்கோ அது வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப். அந்தப் பிக்கப்பின் சேஸிஸ் மீது மூன்று வரிசை இருக்கைகளையும் மூடிய கூட்டையும் ஏற்றினால் கிடைப்பதே அங்கு ஃபுல்-சைஸ் எஸ்யூவி எனப்படுகிறது. செவ்ரோலே டாஹோ சில்வராடோவோடும், ஃபோர்டு எக்ஸ்பெடிஷன் எஃப்-150 உடனும், டொயோட்டா செக்கோயா டண்ட்ராவோடும் அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த மூன்றின் விலையும் ஐந்தாறு ஆண்டுகளில் ஏறிய வேகம் சாதாரணமானதன்று. 2021ஆம் ஆண்டு மாடலாகப் புதிய டாஹோ வந்தபோது அதன் தொடக்க வேரியன்ட் ஏறத்தாழ 50,000 டாலர். 2025இல் அதே எல்எஸ் வேரியன்ட் 60,000 டாலரை ஒட்டி நின்றது. எக்ஸ்பெடிஷனும் செக்கோயாவும் அந்த ஆண்டு 62,000 டாலருக்கு மேல் தொடங்கின. உச்ச வேரியன்ட்களில் மூன்றும் 80,000 டாலரைத் தொடுகின்றன அல்லது தாண்டுகின்றன. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்ற புதிய கார்களின் சராசரி விலையே முதன்முறையாக 50,000 டாலரைக் கடந்தது என்பதை நினைவில் கொண்டால், இந்த வண்டிகள் அந்தச் சராசரியை எவ்வளவு மேலே இழுக்கின்றன என்பது புரியும்.

விலை ஏன் கூடியது என்று டீலரிடம் கேட்டால், அவர் முதலில் காட்டுவது டச் ஸ்கிரீனைத்தான். 2025 டாஹோவில் 17.7 அங்குலத் திரை எல்லா வேரியன்ட்களிலும் வருகிறது. ஓட்டுநர் முன் இன்னொரு 11 அங்குலத் திரை. ஃபோர்டு அதையும் மிஞ்ச எண்ணி, 2025 எக்ஸ்பெடிஷனின் முன்கண்ணாடிக்குக் கீழே 24 அங்குல அகலத் திரையொன்றைக் கிடத்தி, அதன் கீழ் 13.2 அங்குலத் திரையொன்றையும் வைத்திருக்கிறது. செக்கோயாவில் பெரிய திரை 14 அங்குலம். 2023இல் அது வந்தபோது தொடக்க வேரியன்ட்டுக்கு 8 அங்குலமே கிடைத்தது. அளவில் பார்த்தால் டொயோட்டா தோற்றுவிட்டது. ஆனால் ஏசியைக் கூட்டவும் குறைக்கவும் டாஹோவிலும் செக்கோயாவிலும் கைக்கு எட்டும் பொத்தான்கள் இருக்கின்றன. எக்ஸ்பெடிஷனில் அந்த வேலை பெரும்பாலும் திரைக்குள் போய்விட்டது. இரண்டரை டன் எடையுள்ள வண்டியை ஓட்டிக்கொண்டே திரையில் காற்றோட்டத்தைத் தேடுவதை முன்னேற்றம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உண்மையில் பணத்துக்கு மதிப்புத் தரும் தொழில்நுட்பம் திரையில் இல்லை. தரைக்குக் கீழே இருக்கிறது. இந்த மூன்று வண்டிகளின் வேறுபாட்டையும் பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலைப் பார்த்தே சொல்லிவிடலாம். 2020 வரை டாஹோவில் பிக்கப்பில் இருப்பது போன்ற ஒற்றைத் திட ஆக்சில்தான் இருந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது அந்த ஆக்சில் முழுவதும் மேலெழ வேண்டியிருந்ததால் அதற்கு இடம்விட்டுத் தரையை உயர்த்திக் கட்டினார்கள். விளைவாக மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தவரின் முழங்கால் மார்பைத் தொட்டது. 2021இல் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன் வந்தது, தரை தாழ்ந்தது. மூன்றாம் வரிசையின் கால்வைப்பு இடம் 24.8 அங்குலத்திலிருந்து 34.9 அங்குலமாக உயர்ந்தது. பத்து அங்குலம் என்பது, குழந்தைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட இருக்கையில் மாமனார் ஊர் போய்ச் சேரும்வரை நிம்மதியாக உட்கார முடியும் என்ற வேறுபாடு. இதே ஏற்பாட்டை ஃபோர்டு 2003 எக்ஸ்பெடிஷனிலேயே கொண்டுவந்துவிட்டது என்பதால், செவ்ரோலேயைப் பாராட்டும்போது பதினெட்டு ஆண்டுத் தாமதத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டொயோட்டா இதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தது. 2022 வரை செக்கோயாவில் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தது. 2023இல் புதிய தலைமுறை வந்தபோது டண்ட்ராவைப் போலத் திட ஆக்சில் பொருத்தப்பட்டது. போதாக்குறைக்கு ஹைபிரிட் பேட்டரியும் பின்தரைக்கு அடியில் வந்து அமர்ந்துகொண்டதால், மூன்றாம் வரிசையை மடக்கினாலும் சமதளம் கிடைப்பதில்லை; அதைச் சமாளிக்க ஏற்றி இறக்கும் பலகை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். எல்லா இருக்கைகளும் நிமிர்ந்திருக்கும்போது டாஹோவின் பின்னால் 25.5 கன அடி, அதாவது ஏறத்தாழ 720 லிட்டர் இடம் இருக்கிறது. செக்கோயாவில் மூன்றாம் வரிசையை முன்னே தள்ளினால்தான் 22.3 கன அடி தேறும். புதியது வாங்கப் போய்ப் பழையதைவிட ஒரு படி கீழே இறங்கியது போன்ற உணர்வை இந்த ஓர் இடத்தில் தவிர்க்க முடியாது.

ஆனால் செக்கோயாவின் எஞ்சினைப் பார்க்கும்போது அந்தக் குறையில் ஒரு பகுதி மன்னிக்கப்படுகிறது. 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து 437 குதிரைத்திறனும் 583 பவுண்டு-அடி முறுக்குவிசையும் தருகின்றன. முக்கியமான செய்தி, இந்த ஹைபிரிட் அமைப்பு தொடக்க வேரியன்ட் முதல் எல்லாவற்றிலும் உண்டு என்பது. இருசக்கர இயக்க செக்கோயாவின் கலப்பு மைலேஜ் காலனுக்கு 22 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு 9.4 கிலோமீட்டர். டாஹோவின் 5.3 லிட்டர் வி8 எஞ்சின் 17 மைலோடு நின்றுவிடுகிறது, எக்ஸ்பெடிஷனின் 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் எனும் டர்போ வி6 இடையில், 19 மைல் அளவில் இருக்கிறது. ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டும் குடும்பத்துக்கு டாஹோ வி8ஐவிடச் செக்கோயாவால் ஏறத்தாழ 200 காலன் பெட்ரோல் மிச்சமாகும். காலன் 3 டாலர் என்று வைத்தால் ஆண்டுக்கு 600 டாலர். பெரிய தொகைதான், ஆனால் வண்டி விலையில் ஏறிய பத்தாயிரத்தை ஈடுகட்டப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

டாஹோவின் உண்மையான பதில் அதன் 3 லிட்டர் டீசல். வரிசையாக ஆறு சிலிண்டர்கள் கொண்ட இந்த டியூராமேக்ஸ் எஞ்சின் 2025இல் 305 குதிரைத்திறனும் 495 பவுண்டு-அடி முறுக்குவிசையும் தருகிறது. மைலேஜ் 20க்கு மேல். பேட்டரிக்காகப் பின்னிடத்தை விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. வி8 உறுமலை விரும்புவோர் 6.2 லிட்டர் எஞ்சினை நாடுவார்கள். ஆனால் 2025 ஏப்ரலில் அந்த எஞ்சின் கொண்ட 2021 முதல் 2024 வரையிலான வண்டிகள், அமெரிக்காவில் மட்டும் 6 லட்சத்துக்கு அருகில், கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராடு குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. டொயோட்டாவும் தப்பவில்லை. தயாரிப்பின்போது உண்டான துகள்கள் எஞ்சினுக்குள் தங்கிவிட்ட காரணத்தால் 2024இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டண்ட்ரா, டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்சஸின் எல்எக்ஸ் வண்டிகள் அழைக்கப்பட்டன. ஹைபிரிட் வண்டிகள் அந்த அழைப்பில் இல்லை, ஆகவே செக்கோயாவும் இல்லை. ஆகவே வி8 என்றால் உழைக்கும், டர்போ என்றால் ஓடாது என்ற பழைய நம்பிக்கையை இரு பக்கமும் உடைத்துவிட்டன.

இழுவையில் எக்ஸ்பெடிஷனுக்கே முதலிடம். அது 9,600 பவுண்டு வரை, அதாவது 4,350 கிலோ வரை இழுக்கும். செக்கோயா 9,520, டாஹோ 8,400. படகோ குதிரை டிரெய்லரோ வைத்திருப்பவருக்கு இந்த இடைவெளி பொருட்படுத்த வேண்டியது. புதிய எக்ஸ்பெடிஷனின் இரண்டாகப் பிளந்து திறக்கும் பின்கதவும் எனக்குப் பிடித்திருக்கிறது. கீழ்ப்பாதி 500 பவுண்டு வரை தாங்கும் என்பதால், மைதானத்து ஓரத்தில் இரண்டு மூன்று பேர் உட்காரத் திண்ணையாகிவிடும். 24 அங்குலத் திரைக்குச் செய்த விளம்பரத்தில் பாதியை இந்தக் கதவுக்குச் செய்திருக்கலாம்.

கையை எடுத்துவிட்டு ஓட்டும் வசதியில் செவ்ரோலேயின் சூப்பர் குரூஸும் ஃபோர்டின் புளூகுரூஸும் போட்டியிடுகின்றன. செக்கோயாவில் அது இல்லை. இரண்டும் முன்கூட்டியே வரைபடமாக்கப்பட்ட நெடுஞ்சாலைகளில் மட்டும் இயங்கும். ஓட்டுநரின் கண் சாலையில்தான் இருக்கிறதா என்று கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். சூப்பர் குரூஸ் டிரெய்லர் கட்டியிருக்கும்போதும் வேலை செய்வது பெரிய அனுகூலம். ஆனால் இங்கேதான் விலைக்குள் இன்னொரு விலை ஒளிந்திருக்கிறது. செவ்ரோலே மூன்று ஆண்டுகளுக்குப் பின் சந்தா கேட்கிறது. புளூகுரூஸுக்கு 2024 இறுதியில் ஃபோர்டு நிர்ணயித்த கட்டணம் மாதம் 49.99 அல்லது ஆண்டுக்கு 495 டாலர். கேமராவும் ரேடாரும் நாம் காசு கொடுத்து வாங்கிய வண்டியில்தான் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த மீண்டும் வாடகை. மேலும், இத்தகைய வசதிகள் விபத்தைக் குறைக்கின்றன என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2024இல் கூறியது. தானாகப் பிரேக் போடும் வசதி அப்படியன்று. அது பயனுள்ளது, மூன்றிலும் உண்டு, 2029 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கும் இலகுரக டிரக்குகளுக்கும் கட்டாயமாகவும் இருக்கிறது. சந்தாவை ஒதுக்கிவிட்டு வாங்குபவருக்குப் பாதுகாப்பில் பெரிய இழப்பு ஒன்றுமில்லை.

தயாரிப்பாளர்கள் தம் தொழில்நுட்பத்தை எவ்வளவுக்கு மதிக்கிறார்கள் என்பது 2021இல் தற்செயலாக வெளிப்பட்டது. சிப் தட்டுப்பாட்டால், சிக்னலில் எஞ்சினைத் தானாக அணைக்கும் வசதியைச் செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய வண்டிகள் சிலவற்றிலிருந்து நீக்கியது. அதற்காக வாங்குபவருக்குக் கொடுத்த தள்ளுபடி 50 டாலர்.

பிக்கப்புகளோடு ஒப்பிட்டால் எஸ்யூவி விலையின் உள்ளறை இன்னும் தெளிவாகத் தெரியும். சில்வராடோவிலும் எஃப்-150இலும் ஒப்பந்ததாரர்கள் வாங்கும் வேலைக்கான வேரியன்ட் இன்றும் 40,000 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது; 2024 எஃப்-150 அந்த அடிப்படை வேரியன்ட்டிலும் 12 அங்குலத் திரையோடுதான் வருகிறது. சில்வராடோவின் அதே அடித்தளத்தில் நிற்கும் டாஹோவுக்கு அப்படியொரு கீழ்ப்படியே கிடையாது. ஏணி 60,000இல்தான் தொடங்குகிறது. திரைதான் விலைக்குக் காரணம் என்றால் எஃப்-150 எப்படி மலிவாக நிற்கிறது? பிக்கப்பை மொத்தமாக வாங்கும் நிறுவனங்கள் பேரம் பேசுகின்றன. எஸ்யூவி வாங்கும் குடும்பம் அப்படிப் பேசுவதில்லை. இத்தனைக்கும், ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு விதித்த வரிக்குப் பதிலடியாக 1964 முதல் இறக்குமதி பிக்கப்புகளுக்கு விதிக்கப்பட்ட 25 சதவீத வரி, வெளிநாட்டுப் போட்டியைத் தடுத்துவைத்திருக்கும் சந்தை அது.

இதனால் பிக்கப் சந்தை நேர்மையானது என்று ஆகிவிடாது. 2021 மே மாதம் எஃப்-150 லைட்னிங் மின்பிக்கப்பை 39,974 டாலருக்கு அறிவித்த ஃபோர்டு, 2023 தொடக்கத்தில் அதே தொடக்க விலையை 59,974 ஆக்கியது. அந்த ஆண்டு ஜூலையில் 49,995க்கு இறக்கியது. ராம் நிறுவனமோ 2025 மாடலில் ஹெமி வி8 எஞ்சினை நிறுத்தி, வாடிக்கையாளர்களின் எதிர்ப்பைக் கண்டு 2026 மாடலுக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்து, 1,200 டாலர் கூடுதல் தேர்வாக விற்கிறது. பழையதே புதிய வசதியாக விலைபோகும் காலம்.

இதே ரகத்தைச் சேர்ந்த நிசான் அர்மாடாவை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 2025 மாடல் 56,520 டாலரில் தொடங்கியதால் நால்வரில் மலிவானது. ஆனால் ஜப்பானிலிருந்து வருவதால் 2025இன் இறக்குமதி வரி உயர்வு அதன்மேல் நேரடியாக விழுகிறது. மற்ற மூன்றும் டெக்சாஸிலும் கென்டகியிலும் உருவாகின்றன.

கடன் கணக்கையும் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் விலையைப் பார்ப்பதில்லை, மாதத் தவணையையே பார்க்கிறார்கள். 70,000 டாலரை 7 சதவீத வட்டியில் 84 மாதங்களுக்குக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 1,056 டாலர். வட்டி மட்டும் 18,700 டாலருக்கு மேல். அடுத்த வேரியன்ட்டுக்கு 5,000 டாலர் கூடினால் தவணையில் 75 டாலர்தான் கூடுகிறது என்று டீலர் சொல்லும்போது, ஏழு ஆண்டுகளில் அது 6,300 டாலருக்கு மேல் ஆகும் என்பதைச் சொல்வதில்லை.

இந்தத் தொகைக்கு என் தேர்வு நடு வேரியன்ட்டான டாஹோ எல்டி, டீசல் எஞ்சினோடு. மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் உட்கார வேண்டிய வீட்டுக்கு அதுவே பொருந்தும். மாதத்தில் இரண்டு முறையாவது கனமான டிரெய்லர் இழுப்பவர் எக்ஸ்பெடிஷனின் பொத்தானற்ற ஏசியைப் பொறுத்துக்கொள்ளலாம். நால்வருக்கு மேல் அரிதாகவே ஏறும் குடும்பத்துக்குச் செக்கோயாவின் பின்னிடக் குறை பெரிதாகத் தெரியாது, பெட்ரோல் சிக்கனம் நாள்தோறும் தெரியும். அப்படிப்பட்டவர் ஷோரூமுக்குப் போகும்போது மடக்கிய மூன்றாம் வரிசையின் மேல் தம் வீட்டுப் பெட்டிகளை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.