ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி புரோ: மண் தடத்தில் இறங்க விரும்புவோரின் முதல் வண்டி

டர்ட் டிராக் எனப்படும் மண் தடப் பந்தயத்தைப் பொழுதுபோக்காகத் தொடங்க நினைப்பவர்கள் எந்த வண்டியை வாங்கலாம் என்று கேட்கும்போது, 2023இல் வெளிவந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி புரோவைத்தான் நான் தயங்காமல் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் அது எப்படி ஓடுகிறது என்பதை இங்கே நான் பேசப்போவதில்லை. மண்ணில், வளைவுகளும் மேடுகளும் நிறைந்த ஒரு சிறிய தடத்தில், புதிதாக வரும் ஒருவருக்கு அது என்ன தருகிறது என்பதே இந்த மதிப்புரை.

சாதாரண எக்ஸ்பல்ஸுக்கும் புரோவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, மேடுபள்ளங்களின் அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷன்தான். முன்பக்கம் 190 மி.மீ. இருந்த சஸ்பென்ஷன் நகர்வு 250 மி.மீ. ஆகவும், பின்பக்கம் 170 மி.மீ. இருந்தது 220 மி.மீ. ஆகவும் உயர்ந்திருக்கிறது, இறுக்கத்தையும் தளர்வையும் ஓட்டுபவரின் எடைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். சாதாரண வண்டி ஒரு சிறிய மேட்டிலிருந்து இறங்கும்போதே அடிவரை அமுங்கி முதுகுத்தண்டில் இடிக்கும் இடங்களில், புரோ அந்த அடியை வாங்கிக்கொண்டு அடுத்த வளைவுக்கு நேராக நிற்கிறது. கியர் நெம்புகோலைச் சற்று நீட்டியிருப்பது விவரப் பட்டியலில் யார் கண்ணிலும் படாது. ஆனால் தடித்த மோட்டோகிராஸ் பூட்ஸின் முனையை அதன் கீழே நுழைத்து கியரை மேலே தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

19 பிஎஸ் (குதிரைத்திறன்) அளவிலான எஞ்சின் திறன் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். புதியவருக்கு அதுவே பெரிய வரம் என்பது என் உறுதியான கருத்து. வளைவுக்குள் நுழையும்போது பெட்ரோல் டேங்கை ஒட்டி முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, உள்பக்கக் காலை முன்சக்கரத்தை நோக்கி நீட்டி, வெளிப்பக்கக் கால்மிதியில் எடையை அழுத்தி, ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் திறக்கும் அந்த நொடியில் பின்சக்கரம் ஒரு சாண் வழுக்கி, பிறகு மண்ணைப் பற்றி வண்டியை வெளியே தள்ளுகிறது. இந்த விளையாட்டின் இன்பமே அங்கேதான் இருக்கிறது. அதற்கு நூறு கிலோமீட்டர் வேகம் தேவையில்லை. திறன் குறைந்த வண்டியில் அந்த வழுக்கல் நாம் எதிர்பார்க்கும் அளவிலேயே நிகழ்வதால், பயம் விலகி உடல் தானாகக் கற்றுக்கொள்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு முன்சக்கரத்துக்கு மட்டுமே, அதையும் ரேலி நிலைக்கு மாற்றி அணைத்துவிடலாம். பின்சக்கரத்துக்கு அது இல்லாததால், பின்பிரேக்கைப் பிடித்துச் சக்கரத்தை வேண்டுமென்றே பூட்டவும் பழகலாம்.

எடை இதன் முக்கியக் குறை. 160 கிலோவை ஒட்டிய வண்டியைச் சேற்றில் சாய்ந்தபின் நிமிர்த்துவது எளிதல்ல. பந்தயத்துக்கென்றே உருவான கவாஸாகி கேஎக்ஸ்250 ஏறக்குறைய 108 கிலோதான். ஆனால் 2023இல் அதன் விலை சுமார் 8 லட்சம் ரூபாய், பொதுச் சாலையில் ஓட்டவும் முடியாது, தடத்துக்குக் கொண்டுசெல்லத் தனி வாகனம் வேண்டும். சுமார் 1.5 லட்சம் ரூபாய்க்கு வந்த எக்ஸ்பல்ஸ் புரோவை வீட்டிலிருந்தே ஓட்டிச் சென்று, கண்ணாடிகளையும் இண்டிகேட்டர்களையும் கழற்றி வைத்துவிட்டு, டயர் காற்றைக் குறைத்துத் தடத்தில் இறங்கலாம். இருக்கையின் உயரம் 891 மி.மீ. என்பதால் குள்ளமானவர்கள் வாங்கும் முன் கட்டாயம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கால் எட்டவில்லையென்றால் 825 மி.மீ. உயரமுள்ள சாதாரண வண்டியிலேயே தொடங்குவது நல்லது.

போட்டியில் கலந்துகொள்ள, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட, இந்திய மோட்டார் விளையாட்டுகளை நிர்வகிக்கும் எஃப்எம்எஸ்சிஐ அமைப்பின் உரிமம் பெற வேண்டும். இந்தியத் தயாரிப்பு வண்டிகளுக்கும் புதியவர்களுக்கும் தனிப் பிரிவுகள் வைக்கும் பந்தயங்கள் உண்டு என்பதால், விலையுயர்ந்த வெளிநாட்டு வண்டிகளோடு மோத வேண்டிய கட்டாயம் இல்லை.

வாங்கியதும், மண்ணைப் பற்றப் பெரிய கட்டைகள் கொண்ட நாப்பி டயர்களை மாட்டுங்கள். தூசி நிறைந்த தடத்தில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். வண்டிக்கே கைப்பணம் முழுவதையும் செலவழித்துவிட்டுச் சாதாரண ஷூவோடு தடத்துக்கு வருபவர்களைக் கண்டால் மனம் பதறுகிறது. வளைவுதோறும் கால் தரையை ஒட்டிச் செல்லும் விளையாட்டில், சாயும் வண்டியின் கீழே முதலில் சிக்குவது கணுக்கால்தான். பணம் போதவில்லையென்றால் பழைய எக்ஸ்பல்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, மிச்சத்தில் நல்ல பூட்ஸும் முழங்கால் கவசமும் வாங்குங்கள்.