போக்கரில் எல்லாவற்றுக்கும் ‘கால்’ (call) போடும் மேசையில் பெரிய ஜோடி: பெரிய ரெய்ஸா, சின்ன ரெய்ஸா, பதுங்குவதா?

ஹோல்டெம் போக்கரில் ஆளுக்கு இரண்டு கார்டு. அதில் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கைக்கு வர சராசரியாக 74 ஹேண்ட் (ஒவ்வொரு முறை கார்டு போட்டு ஆடுவதும் ஒரு ஹேண்ட்) ஆகும். லைவ் டோர்னமென்ட்டில் டீலர் கலைத்துப் போட்டு, ஆளாளுக்கு யோசித்து ஆடி முடிக்க, மணிக்கு 25 முதல் 30 ஹேண்ட்தான் ஓடும். அப்படியென்றால் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் இந்த வாய்ப்பு. அது வரும் நேரத்தில் மேசையில் நாலு பேர் எது கிடைத்தாலும் கால் போட்டு (அடுத்தவர் போட்ட தொகைக்குச் சமமாகப் போட்டு) ஃப்ளாப் (நடுவில் முதலில் விரிக்கும் மூன்று பொதுக் கார்டு) பார்க்காமல் விடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் எப்படி ஆடுவது? மூன்று வழியிலும் ஆடிப் பார்த்துவிட்டு, இப்போது பெரிய ரெய்ஸ் (தொகையை ஏற்றிப் போடுவது) பக்கம் வந்து நிற்கிறேன்.

முதலில் பதுங்கி ஆடுவதை முடித்துவிடலாம். வெறும் பிக் பிளைண்ட் அளவு (கார்டு பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் தொகைகளில் பெரியது) மட்டும் போட்டு லிம்ப் செய்து, பின்னால் யாராவது ரெய்ஸ் போட்டதும் திருப்பி அடிப்பது. இதற்குப் பின்னால் ரெய்ஸ் போட ஆள் வேண்டும். லூஸாக, அதாவது கிடைத்த கார்டோடெல்லாம், ஆடுபவர்களில் இரண்டு வகை உண்டு: ஓயாமல் ரெய்ஸ் போடுபவர்கள் ஒரு வகை, ஓயாமல் கால் போடுபவர்கள் இன்னொரு வகை. நான் உட்கார்ந்த மேசைகளில் இரண்டாவது வகைதான் அதிகம். அவர்களுக்கு முன்னால் லிம்ப் செய்தால் ஆறு பேர் ஃப்ளாப்புக்கு வந்து நிற்பார்கள். இடது பக்கம் மூன்று ஹேண்டுக்கு ஒன்று ரெய்ஸ் போடும் ஆள் இருந்தால் மட்டும் ஏஸ் ஜோடியோடு செய்வேன், மற்றபடி கிடையாது.

சரி, உண்மையான போட்டி சின்ன ரெய்ஸுக்கும் பெரிய ரெய்ஸுக்கும்தான். சின்னது என்று நான் சொல்வது பிக் பிளைண்டைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. புத்தகத்தில் படித்தவர்கள் போடுவது. நன்றாக ஆடுபவர்கள் நிறைந்த மேசையில் அது சரிதான், அவர்கள் அதற்கே கார்டைக் கீழே வைத்துவிடுவார்கள். லூஸ் மேசையில் நடப்பதே வேறு. பிளைண்ட் 200-400, ஆன்டி (மேசைக்கு மொத்தமாகப் போடும் இன்னொரு கட்டாயத் தொகை) 400, என்னிடம் 20,000 அளவுக்கு சிப்ஸ் (பணத்துக்குப் பதிலான வில்லைகள்). கிங் ஜோடி வந்தது, 1,000 போட்டேன். என் சிப்ஸ் மேசையைத் தொடுவதற்குள் பக்கத்தில் இருப்பவர் இரண்டு 500 சிப்ஸை விரலிடுக்கில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் கால், அடுத்தவர் கால், பட்டனில் (டீலர் இடத்தில்) இருப்பவர் கால். பிக் பிளைண்டில் இருந்தவர் 600 மட்டும் போட்டால் போதும், நடுவில் சேர்ந்த பணத்தில், அதாவது பாட்-இல், ஏற்கனவே 5,000 இருக்கிறது. அந்த விலைக்கு யாராக இருந்தாலும் போடுவார்கள். ஃப்ளாப் 8-7-3. நான் 3,500 கட்டினேன், பிக் பிளைண்ட்காரர் ஆல்-இன் (கையில் உள்ளதை எல்லாம் கட்டுவது), நான் கால், அவர் திருப்பிக் காட்டியது எட்டும் ஏழும், இரண்டு ஜோடி. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அந்த விலையை அவருக்குக் கொடுத்தது நான்தான்.

இங்கேதான் நான் முடிவை மாற்றிக்கொண்ட கணக்கு. 1,000 போட்டு நாலு பேர் கால் போட்டால் எதிராளிகளிடமிருந்து பாட்-க்கு வருவது 4,000. 2,000 போட்டு இரண்டு பேர் கால் போட்டாலும் அதே 4,000. வரும் பணம் ஒன்றுதான், எதிரே நிற்கும் ஆட்கள்தான் பாதி. எதிராளிகளிடம் எந்தக் கார்டு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், ரிவர் (கடைசி, ஐந்தாவது பொதுக் கார்டு) வரை போனால் ஏஸ் ஜோடி ஒருவருக்கு எதிரே 85 சதவீதம் ஜெயிக்கும், இருவருக்கு எதிரே சுமார் 73, நால்வருக்கு எதிரே 56தான். கிங் ஜோடிக்கு நால்வர் எதிரே பாதிக்குப் பாதி. லூஸ் ஆட்களின் குணமே, கால் போட முடிவு செய்துவிட்டால் தொகையைப் பெரிதாகப் பார்க்காததுதான். இரண்டரை மடங்குக்கு வரும் ஆளில் பாதிப்பேர் ஐந்து மடங்குக்கும் வருவார்கள்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, நியாயமானதும்கூட: ஐந்து பங்கில் 56 சதவீதம் என்பது இரண்டு பங்கில் 85 சதவீதத்தை விடப் பெரிதில்லையா? ஃப்ளாப்புக்கு முன்பே எல்லாரும் ஆல்-இன் என்றால் பெரிதுதான். ஆனால் முக்கால்வாசி சிப்ஸ் இன்னும் கையில் இருக்கும்போது, நாலு பேர் நடுவில் ஃப்ளாப் பார்த்துவிட்டு, ஒருவர் ரெய்ஸ் போட்டால் அவரிடம் இரண்டு ஜோடி இருக்கிறதா, டிராவா (இன்னும் வேண்டிய கார்டுக்குக் காத்திருக்கும் கையா) என்று யூகித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் முடிவுகள் எளிது. அதே 20,000, குயின் ஜோடி, 2,000 போட்டேன், இரண்டு பேர் வந்தார்கள், பாட் 7,000. ஃப்ளாப் 9-5-2, 3,500 கட்டினேன், ஒருவர் மட்டும் கால். இப்போது பாட் 14,000, என் கையில் 14,500. டர்னில் (நாலாவது பொதுக் கார்டில்) 6 வந்ததும் யோசிக்க ஒன்றுமில்லை, ஆல்-இன். அவர் தன் கார்டை இரண்டு தடவை ஓரத்தில் தூக்கிப் பார்த்தார், சிப்ஸை எண்ணினார், ஏஸ்-ஒன்பதோடு கால் போட்டார். இரண்டே கட்டில் முழுப் பணமும் உள்ளே போக வழி செய்தது அந்த முதல் 2,000தான்.

எவ்வளவு பெரிது என்பதை மேசைதான் சொல்லும். முந்தைய இருபது ஹேண்டில் யார் எவ்வளவு போட்டபோது எத்தனை பேர் வந்தார்கள் என்று கவனித்தாலே போதும். ஒன்று அல்லது இரண்டு பேர் மட்டும் வரும் தொகை எதுவோ அது, முன்னால் லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு பிளைண்ட் சேர்த்து. ஏஸ்-கிங்குக்கும் அதே தொகையே போடுவேன், மேசையில் கவனிக்கிற ஆள் ஒருவராவது இருப்பார். அப்புறம், ஒரே ஒரு பெரிய சிப்பைத் தூக்கிப் போடுவதாக இருந்தால் முதலில் வாயைத் திறந்து ‘ரெய்ஸ்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போட்டால் பெரும்பாலான டோர்னமென்ட்டில் அது வெறும் கால்தான், ஆறு பேரோடு ஃப்ளாப் பார்க்க வேண்டியதுதான்.

ஜாக் ஜோடிக்கு இந்த அளவு உறுதியாகப் பேச மாட்டேன். கிங் ஜோடி வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் ஏஸ் விழுவது 23 சதவீதம், குயின் ஜோடிக்கு மேலான கார்டு விழுவது 41, ஜாக்குக்கு 57. லூஸ் ஆட்களிடம் ஏஸோடு எந்தச் சின்னக் கார்டும் இருக்கலாம் என்பதால் அது உண்மையான பயம். பெரிதாகத்தான் போடுகிறேன், ஆனால் ஏஸ் விழுந்து ஒருவர் இரண்டு தடவை கால் போட்டால் நிறுத்திவிடுகிறேன். பத்து பிளைண்ட் மட்டும் மிச்சமிருந்தால் இந்த அலசலே வேண்டாம், நேராக ஆல்-இன், ஏஸ்-நாலோடு கால் போட ஆள் இருக்கும். கடைசி மேசைக்கு நான் போனது சில தடவைதான். பரிசுத் தொகை ஒவ்வொரு இடத்துக்கும் ஏறும் அந்த நேரத்தில் இவர்களே திடீரென்று இறுக்கி ஆடுவதைப் பார்த்திருக்கிறேன், அங்கே நானும் தொகையைக் குறைத்துக்கொண்டேன். அது சரிதானா என்று சொல்லும் அளவுக்கு இன்னும் ஆடவில்லை.