13 அட்மிஷன் போட்ட அனுபவம்: நேரம் எங்கே போகிறது?

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, 2024 ஆகஸ்டில் கீமோ தொடங்கியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை. 46 மணி நேரம் மெதுவாக மருந்து ஏறும் வகை என்பதால் ஒவ்வொரு தடவையும் இரண்டு இரவு தங்க வேண்டும். மொத்தம் 12 சுற்று, கடைசியில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தியிருந்த கருவி) எடுக்க ஒருமுறை. கொளத்தூரிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு போய், ஒரே தனியார் மருத்துவமனையில் 13 முறை அட்மிஷன் போட்டிருக்கிறேன்.

முதல் தடவை காலை 8 மணிக்குப் போனோம். அப்பா கட்டிலில் கால் நீட்டியபோது மணி 2.40. ஏசி காற்று நேராக விழும் இடத்தில், துண்டைப் போர்த்திக்கொண்டு அத்தனை நேரமும் நாற்காலியிலேயே இருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைக்கத் தொடங்கினேன்.

பதிவு கவுன்ட்டரைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். எங்களுக்கு அங்கே போனது 20 நிமிடம்தான். அந்த வரிசையைக் குறைக்க ஆபா (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு) செயலி இருக்கிறது; அதில் கியூஆரை ஸ்கேன் செய்து விவரத்தைப் பகிர்ந்தால் டோக்கன் வந்துவிடுகிறது. அத்தையை ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது அது நன்றாகவே கைகொடுத்தது. ஆனால் அது புறநோயாளி வரிசைக்கான வசதி. உள்நோயாளியாகச் சேரும்போது தாமதம் வேறு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் அன்று கீமோ கிடையாது. ரிசல்ட் வராமல் மருந்தைக் கலக்கவும் மாட்டார்கள். ஐந்தாவது சுற்றில் அங்கே போய் மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு, "கவுன்ட் கம்மி, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அதற்கப்புறம் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முதல் நாளே வீட்டுக்குப் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டை அனுப்பிவிடுவோம். ஒன்பதாவது சுற்றிலும் கவுன்ட் குறைந்தது. அதை வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டோம்.

இன்னொன்று இன்சூரன்ஸ். பணமில்லாச் சிகிச்சைக்கான ஒப்புதலை ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2024 மே மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. நல்ல விதி. ஆனால் அந்த ஒரு மணி நேரம், மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய பிறகுதான் தொடங்குகிறது. எங்கள் படிவம் டாக்டர் கையெழுத்துக்காக மேஜையிலேயே கிடந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது. நாலாவது சுற்றிலிருந்து, டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே அடுத்த சுற்றுக்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்தோம்.

பெயரையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பாலிசியில் தாத்தா பெயர் முழுசாக, பழைய ரிப்போர்ட்டில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தானா என்று கேள்வி வந்து, ஒருமுறை ஒப்புதல் ஒன்றேகால் மணி நேரம் நின்றது. பாலிசியில் பெயரைத் திருத்தினோம், சரியாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தாள்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் பெட் காலியாகாவிட்டால் எதுவும் நகராது. அது இன்னொரு நோயாளியின் டிஸ்சார்ஜைப் பொறுத்தது. ரவுண்ட்ஸ் முடிந்து, சம்மரி அடித்து, மிச்ச மருந்தை பார்மசியில் திருப்பி, பில் போட்டு, இன்சூரன்ஸ் பதில் வந்து, அறையைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். மறுநாள் போகிறவர்களின் சம்மரியை முதல் நாள் மாலையே தயார் செய்து வைக்கலாம். சிகிச்சை முடிந்து பில்லுக்காக மட்டும் காத்திருப்பவர்களுக்கு வசதியாக உட்கார ஒரு கூடம் கொடுக்கலாம். புதுக் கட்டிடம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

ஏழாவது சுற்று முடிந்து கீழே இறங்கியபோது மணி ஒன்றரை. அட்மிஷன் மேஜைக்குப் பக்கத்தில் ஓர் அம்மா சக்கர நாற்காலியில், கையில் ஊசி குத்திய பிளாஸ்திரியோடு சாய்ந்திருந்தார். அவர் மகனிடம் இருந்த சீட்டில் எங்கள் அறை எண். மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுக்க மறந்து, பில் ஒரு மணி நேரம் தாமதமானது எங்களால்தான். அடுத்த சுற்றிலிருந்து அந்த வேலையை முந்தின நாள் இரவே முடித்துவிடுவேன். பன்னிரண்டாவது சுற்றில் 11.15க்கு அறையைக் காலி செய்துவிட்டோம்.