ஓடு பாவிய முன்னறையில் கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா: பத்து மாதம் கேட்ட பிறகு

செந்தூலில் உள்ள எங்கள் வரிசை வீட்டின் முன்னறை 4.35 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் கொண்டது. தரை முழுவதும் ஓடு, சுற்றிலும் செங்கல் சுவர், தெருப்பக்கம் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய சன்னல், அதற்கு வெளியே இரும்புக் கம்பித் தடுப்பு. கோலாலம்பூரில் நம்மில் பலரும் இப்படிப்பட்ட அறையில்தான் பாட்டுக் கேட்கிறோம். மரத்தரையும் தடித்த கம்பளமும் உள்ள கூடத்தில் கேட்டு எழுதப்படும் மதிப்புரைகள் நமக்கு அரைகுறையாகவே பயன்படுவதால், கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கர்களை இந்த அறையில் பத்து மாதம் வைத்துக் கேட்ட பிறகே இதை எழுதுகிறேன்.

கேஇஎஃப், ரேமண்ட் குக் 1961இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் தொடங்கிய நிறுவனம். பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கருக்கு உள்ளுறுப்புகளைச் செய்து கொடுத்தவர்களும் இவர்களே. அந்த மரபில், நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2012இல் எல்எஸ்50 வந்தது. 2020இல் அதன் மறுவடிவமாக மெட்டா வெளியானது. உயரம் 30 சென்டிமீட்டர்தான் என்றாலும் ஒவ்வொன்றும் எட்டுக் கிலோவை நெருங்கும். கீழ்ச்சுருதிக்கான 13 சென்டிமீட்டர் கூம்பின் நட்டநடுவில் மேல்ச்சுருதிக்கான அலுமினிய ட்வீட்டரைப் பொருத்தியிருப்பதால், இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுகின்றன. ட்வீட்டருக்குப் பின்னால் உள்ள வட்டத் தகட்டில் வெவ்வேறு நீளமுள்ள நுண்குழாய்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. பின்பக்கமாகச் செல்லும் வேண்டாத ஒலியில் 99 விழுக்காட்டை அந்தத் தகடு விழுங்கிவிடும் என்கிறது நிறுவனம்.

அதன் பயனைக் காது இப்படி உணர்கிறது. எம். எஸ். சுப்புலட்சுமியின் பழைய கச்சேரிப் பதிவுகளில் அவரோடு சேர்ந்து பாடும் வளர்ப்பு மகள் ராதா விஸ்வநாதனின் குரல், என் முந்தைய ஸ்பீக்கரில் தாய்க்குரலின் நிழலாக ஒட்டிக்கொண்டிருந்தது. இதில் இரண்டு குரல்களும் ஒரே சங்கதியில் இணைவதும், மூச்சு வாங்குமிடத்தில் பிரிவதும் தனித்தனியே தெரிகின்றன. தம்புராவின் மீட்டு ஓயாத இரைச்சலாக இல்லாமல், ஒவ்வொரு தந்தியும் ஒலித்து அடங்கும் முன் அடுத்தது அதன்மேல் ஏறும் வரிசையாகக் கேட்கிறது. பாட்டை நெடுநேரம் கேட்டும் காது களைப்பதில்லை. இந்த விலையில் நான் கேட்டவற்றுள் குரலுக்கு இதைவிட நேர்மையான ஸ்பீக்கர் இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் முதல் ஒரு மாதம் இதில் எதுவுமே எங்களுக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரை விற்ற கடை, வீட்டுக்கு வந்து அமைத்துத் தருவதற்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டது. வந்த இருவரும் தொலைக்காட்சி மேசையின் இருபுறமும் சுவரோடு ஒட்டினாற்போல் ஸ்பீக்கர்களை வைத்து, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டு இருபது நிமிடத்தில் கிளம்பினார்கள். எங்கள் சோபாவோ எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்திருந்தது. அது சரியா என்று அவர்கள் கேட்கவே இல்லை. அறையின் அளவையும் எடுக்கவில்லை. கட்டணம் வாங்கிச் செய்யும் வேலையில் இந்த அலட்சியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பக்கத்துத் தெருவில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித்தரும் மாமா ஒரு மாலை வந்து உட்கார்ந்தார். ஒரு தனியாவர்த்தனத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, "என்ன தம்பி, மிருதங்கத்தைக் குடத்துக்குள்ள வெச்சு வாசிக்கிற மாதிரி இருக்கே?" என்றார். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் எழும் 'நம்' ஓரளவு சரியாக இருந்தது. இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற அடிநாதம் மட்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரே முழக்கமாக இருந்தது.

அளந்து பார்ப்பது என்று முடிவெடுத்து, யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கை வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஏற்றினேன். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் செல்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் அறையின் நீளவாக்கில் 40 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 40 அதிர்வு), அதன் இருமடங்கான 80 ஹெர்ட்ஸிலும் ஒலி இரு சுவர்களுக்கிடையே தேங்கி நிற்கும். 79 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த ஸ்பீக்கரின் பலம் குறைந்துகொண்டே போவதால் 40 பெரிய தொல்லை தரவில்லை. எங்களை வதைத்தது 80. சோபா இருந்த இடத்தில் அந்தச் சுருதி மட்டும் அக்கம்பக்கத்துச் சுருதிகளைவிட 9 டெசிபெல் (ஒலி வலுவின் அளவு) எழும்பி நின்றது.

தேங்கும் அந்த ஒலிக்குச் சுவரோரம் உச்சம். அறை நீளத்தில் கால் பங்கு தள்ளி வந்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆகவே சோபாவைப் பின்சுவரிலிருந்து முன்னே இழுத்து, காது 1.1 மீட்டர் தள்ளி இருக்கும்படி வைத்தேன். ஸ்பீக்கர்களைத் தொலைக்காட்சி மேசையை விட்டு விலக்கி, தனித் தாங்கிகளில் ஏற்றி, கூம்பின் முகம் சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் வரும்வரை முன்னே நகர்த்தினேன். 60 சென்டிமீட்டரில் நிறுத்தியபோது, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலியோடு மோதி 145 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளத்தை உண்டாக்கியது. ஆண்குரலின் அடிப்பகுதியே அங்கேதான் இருக்கிறது. 90க்கு வந்ததும் அந்தப் பள்ளம் 97க்கு இறங்கி, குரலை விட்டு விலகியது. வீட்டில் நடைபாதை குறுகிவிட்டது என்ற முணுமுணுப்பு இருந்தது. ஆனால் 80 ஹெர்ட்ஸ் மேடு 3 டெசிபெலாகக் குறைந்த அன்று, ஐந்து சென் செலவில்லாமல், கோணியளவு சத்தம் அறையை விட்டு வெளியேறியதுபோல் இருந்தது. மாமாவை மறுபடி கூப்பிட்டேன். அதே தனியைக் கேட்டு, "இப்பதான் தொப்பி தொப்பியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பதிவைப் போடச் சொன்னார்.

கைதட்டினால் ஓட்டுத்தரைக்கும் கூரைக்கும் இடையே சலசலவென்று எழுந்த எதிரொலியைத் தடித்த கம்பளம் ஒன்றும், பக்கச் சுவர்களில் மாட்டிய ஒலியை உறிஞ்சும் 10 சென்டிமீட்டர் கல்பஞ்சுப் பலகைகள் நான்கும் அடக்கின. பலகையை எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும்: ஒருவர் அதைச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போக, சோபாவில் இருப்பவருக்கு ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அதுதான் இடம். ஒரே ஒரு 'கிர்ர்' மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. ஸ்பீக்கரின் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். கடைசியில் அது சன்னலில் கிளிப்பு தளர்ந்த மூன்றாவது கண்ணாடிப் பட்டை. ஒரு துண்டு ரப்பரைச் செருகியதும் நின்றது.

ஆம்ப்ளிஃபையரில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் மட்டுமே தரும் ஸ்பீக்கர் இது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூட்டுவதற்கும் மின்திறன் இரண்டு மடங்காக வேண்டும். 100 டெசிபெலைத் தொட 32 வாட் தேவை, இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அதற்கும் மேல். என் பழைய 30 வாட் ஆம்ப்ளிஃபையர் தவில் வெடித்து எழும் இடங்களில் திணறியது. 100 வாட் கருவி வந்ததும் அந்தத் திணறல் போயிற்று. கம்பியில் மட்டும் காசைக் கொட்ட வேண்டாம். கடையில் மூவாயிரம் வெள்ளி விலையுள்ள கம்பியைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். நான் வாங்கிய 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்புக் கம்பி, மூன்று மீட்டர் போய் வந்தாலும் அதன் மின்தடை 0.05 ஓமைக்கூட எட்டுவதில்லை.

நம் தட்பவெப்பத்துக்கு இது தாங்குமா என்பது நியாயமான கேள்வி. அப்பாவின் பழைய ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு, விரல் பட்டதும் உதிர்ந்த காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை. இதில் விளிம்பு ரப்பர்; பத்து மாதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இடி இடித்தால் மின்செருகியைக் கழற்றிவிடும் வழக்கத்தை மட்டும் விடுவதில்லை. கூம்பை மூடும் முன்வலை பெட்டியோடு வராது. சிறு பிள்ளைகள் உள்ள வீடானால் அதையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

நாதஸ்வரமும் தவிலும் கோயில் மண்டபத்தின் வீச்சோடு வேண்டுமென்றால் இந்தச் சிறிய கூம்பு போதாது, பெரிய ஸ்பீக்கரைத்தான் தேட வேண்டும். திரையிசையின் பேஸ் கிதாரிலும் அடிநாதம் ஒரு பிடி குறைவாகவே இருக்கிறது. கீழ்ச்சுருதிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்ஊஃபர் சேர்த்தால் அது நிறையும். ஆனால் எங்கள் பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொதுச் சுவர். அங்கே பிறந்து இரண்டு மாதமான குழந்தை தூங்குகிறது. கீழ்ச்சுருதி செங்கல்லை எளிதாகக் கடக்கும் என்பதால் இப்போதைக்கு வாங்கவில்லை. வாங்க நினைப்பவர்கள், பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மாலில் உள்ள ஆடியோ கடைகளுக்குத் தமக்குப் பழகிய இசைத்தட்டோடு போய், கும்பல் இல்லாத வேலை நாளில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து கேட்கலாம். போகும்போது அறையின் நீள அகலத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதைப் பார்த்து எங்கே வைப்பது என்று பேசத் தொடங்கும் கடைக்காரரிடம் வாங்குங்கள்.