ராணிப்பேட்டை அலுவலகத்தில் கோஆக்சியல் கேபிளுடன் ஒன்பது ஆண்டுகள்

வேலூரை அடுத்த ராணிப்பேட்டையில், தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் 1994 முதல் 2003 வரை 14 கணினிகளை இணைத்திருந்த மெல்லிய கோஆக்சியல் கேபிளை (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோக உறை கொண்ட கேபிள்) பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பழைய இயந்திரங்களோடு இன்னும் அந்தக் கேபிளை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

அந்த அமைப்பில் எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் ஹப் என்ற நடுப்பெட்டி கிடையாது. ஆர்.ஜி.58 என்ற வகைக் கோஆக்சியல் கேபிள் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குப் பூத்தொடுப்பதுபோல் சென்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் ஒரு டி கனெக்டர் (இருபுறக் கேபிள்களையும் கார்டையும் சேர்க்கும் T வடிவ இணைப்பி), வரிசையின் இரு முனைகளிலும் சிக்னல் மோதித் திரும்பாமல் தடுக்கும் 50 ஓம் டெர்மினேட்டர். வேகம் நொடிக்கு 10 மெகாபிட். நீளம் 185 மீட்டரையும் இணைப்புகள் 30ஐயும் தாண்டக் கூடாது. எந்த இடத்தில் தொடர்பு விட்டாலும் சிக்னல் அங்கே மோதித் திரும்புவதால், பொதுவாக வரிசை முழுவதுமே நின்றுவிடும். ஆகவே முதலில் புகார் சொன்னவரின் மேசையில்தான் பழுது இருக்கும் என்று எண்ணுவது வீண் அலைச்சல்.

எனக்கு மிகவும் கைகொடுத்த கருவி சாதாரண மல்டிமீட்டர். கணினிகளையெல்லாம் அணைத்துவிட்டு, நடுவிலுள்ள ஒரு டி கனெக்டரைக் கார்டிலிருந்து கழற்றி, அதன் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளந்தால், இரண்டு டெர்மினேட்டர்களும் இணையாக அமைவதால் 25 ஓமுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். 50ஐ ஒட்டிக் காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூச்சியத்தை நெருங்கினால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது.

ஆனால் பழுது இருக்கும் நேரத்தில் அளந்தால்தான் இந்தக் கணக்கு பேசும். ஒரு சித்திரை மாதம் முழுவதும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வலையமைப்பு விழுவதும் மாலையில் தானே எழுவதுமாக இருந்தது. காலையில் அளந்தபோதெல்லாம் 25 ஓம். வேலூர் வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள் மூன்று மணிக்கு அளந்தேன், 50ஐத் தாண்டியது. உடனே வரிசையை நடுவில் பிரித்து, அங்கே உதிரி டெர்மினேட்டரைப் பொருத்தி, வேலை செய்த பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியை மீண்டும் பிரித்துக்கொண்டே போனேன். மூன்றாவது பிரிப்பில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருந்த ஒரு இணைப்பு அகப்பட்டது. கிரிம்ப் செய்யாமல், அதாவது கருவியால் நெருக்கி இறுக்காமல், திருகிப் பொருத்திய பி.என்.சி. கனெக்டர் (கேபிள் முனையில் போடும் இணைப்பி) அது, சூட்டில் நடு ஊசி பின்வாங்கித் தொடர்பை விட்டிருந்தது. அதன் பிறகு திருகு கனெக்டர் எதையும் நான் விட்டுவைக்கவில்லை. நல்ல கிரிம்பிங் கருவிக்குச் செலவிடத் தயங்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

மீட்டர் காட்டாத பழுதும் உண்டு. மேசைகளை இடம் மாற்றியபோது நீளம் போதாமல், ஒருவர் நல்லெண்ணத்தோடு டிவி கேபிள் துண்டு ஒன்றை இடையில் சேர்த்துவிட்டார். அது 75 ஓம் வகை; இந்த ஓம் சிக்னலுக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு, மீட்டர் அளக்கும் மின்தடை அல்ல. மின்தடை அளவு சரியாகவே இருந்தது; சிறு கோப்புகள் போயின, பெரிய கோப்புகள் பாதியில் நின்றன. இரண்டு நாள் தேடிய பின், கேபிளின் மேலுறையில் அச்சிட்டிருந்த எழுத்தைப் படித்தே அதைக் கண்டுபிடித்தேன். டி கனெக்டருக்கும் கார்டுக்கும் இடையில் நீட்டிப்புக் கேபிள் போடுவதும் இதே வகைத் தொல்லைதான். டி நேராகக் கார்டிலேயே இருக்க வேண்டும்.

கேபிளின் வெளி உலோகத்துக்கு எர்த் இணைப்பை ஒரு முனையில் மட்டுமே கொடுங்கள். கணினியை எடுக்க வேண்டுமானால் டியைக் கார்டிலிருந்து மட்டும் பிரியுங்கள். கேபிள்களை டியிலிருந்து கழற்றினால் அத்தனை பேர் வேலையும் நிற்கும். சோதித்துப் பார்த்த இரண்டு உதிரி டெர்மினேட்டர்கள் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.